மூன்று மா நிலத்துக்கு ஓர் ஆயில் கூலர்

போன மார்ச் கடைசியில் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு என் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பெரிய கோயில் பார்க்க இல்லை, காருக்கு ஆயில் கூலர் மாட்ட. அதற்கு எதற்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்று கேட்பீர்கள். என் அண்ணன் காருக்கு அங்கேதான் மாட்டினார்கள். அவனுக்கு இருப்பது எனக்கும் வேண்டும். சுற்றி வளைப்பானேன், அதுதான் காரணம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் பல் மருத்துவர், வயது நாற்பத்தைந்து. மூன்றாவது கையாக வாங்கிய பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு அதை ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். அண்ணனும் அங்கே வருவான். மூன்றாவது சுற்றிலேயே என் என்ஜின் எண்ணெய் நூற்று முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் தண்ணீராக இளகி பிரஷர் விழும். ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் எட்டு சுற்று, பத்து சுற்று என்று போய்க்கொண்டே இருப்பான், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கையை வேறு ஆட்டுவான். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

இந்த வயிற்றெரிச்சல் அவனுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நாள் போன் பண்ணிச் சொன்னான். "பாப்பா, கூலர் என் செலவு. நானே தஞ்சாவூர்ல நின்னு மாட்டிக் குடுக்கறேன். மறுநாள் குத்தாலம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடு."

அந்தக் கையெழுத்து என்னவென்றால், குத்தாலத்துக்கு வடக்கே எங்களுக்குக் கொஞ்சம் பூர்வீக நிலம் உண்டு. தாத்தா காலத்தில் உச்சவரம்பில் போனது போக, அப்பா காலத்தில் குத்தகை வழக்கில் போனது போக, மிச்சம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். பெண்பிள்ளைகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்துவிட்டது. ஆகவே மூன்று மா எனக்கு. "தண்ணி ஏறாத மேடு, கருவை மண்டிக் கிடக்கு, சீண்ட ஆளில்ல" என்று அப்பா போன நாளிலிருந்து அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அண்ணன் ஒரு சீர் செய்வான், தங்கை சிரித்துக்கொண்டே தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். அத்தைகள் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள், பட்டுப்புடவைக்கு. நான் ஆயில் கூலருக்குச் சரி என்றேன். சிரிக்காதீர்கள், பொறாமை கண்ணை மறைத்தால் ஒரு ஏக்கர் எல்லாம் தெரியாது.

வியாழக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்பினேன். விக்கிரவாண்டி வரை நான்கு வழிச் சாலை, அதற்கப்புறம் பண்ருட்டி, கும்பகோணம் வழி. வேலை நடக்கிற இடங்களில் டைவர்ஷன் மேடு அதிகம், தாழ்ந்த கார் வைத்திருப்பவர்கள் அடி தட்டாமல் பார்த்துப் போங்கள். பதினொன்றரைக்கு நாஞ்சிக்கோட்டை ரோட்டில் குமரேசன் பட்டறையில் இருந்தேன். அவருடைய முழு நேரத் தொழில் நெல் அறுக்கும் மிஷின் ரிப்பேர். அறுவடை முடிந்த நேரம் என்பதால் வாசல் முழுக்க மிஷின்கள். நடுவே அண்ணன், கூலிங் கிளாஸோடு.

முதல் சண்டை அளவில். "பெருசாப் போடுங்கம்மா, இருபத்தஞ்சு வரிசை. மிஷினுக்கு அதான் போடறேன், ஒரு பய குறை சொன்னதில்ல" என்று குமரேசன் ஊருக்கே கேட்கச் சொன்னார். கூலர் என்பது எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய்களின் அடுக்கு. எத்தனை வரிசை என்பதுதான் அளவு. பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சின்ன என்ஜினுக்கு எண்ணெய் சூடேறவே ஏறாது, கெட்டியாகவே ஓடும். பதிமூன்று போதாது. பத்தொன்பது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணனுக்கும் பத்தொன்பதுதான், அது வேறு விஷயம்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு பாப்பா, தண்டச் செலவு" என்றான் அண்ணன். அவன் காரில் இல்லை. அவனிடம் இல்லாத ஒன்று எனக்கு வேண்டும் என்பதற்காகவே கேட்டு வாங்கினேன். பிறகு பார்த்தால் அதுதான் சரி. எண்பது டிகிரி வரை எண்ணெயைக் கூலருக்கு விடாது, அதனால் காலையில் என்ஜின் சீக்கிரம் சூடாகிறது. எண்ணெய் பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உட்காரும் ஒரு வட்டத் தட்டு, அதிலேயே தெர்மோஸ்டாட் அடக்கம்.

மூன்றாவது, இடம். வைக்கோல் தூசுக்குப் பயந்து மிஷின்களில் கூலரை உச்சியில் வைப்பார்கள். குமரேசன் என் காருக்கும் அப்படியே பின்னால் மேலே வைக்கலாம் என்றார். காற்று எங்கிருந்து வரும்? முன் பம்பரின் இடது மூலையில், ரேடியேட்டரை மறைக்காமல் வைக்கச் சொன்னேன். குழாய் வாய்கள் மேலே பார்க்க, நான்கு முனையிலும் ரப்பர் புஷ். இரும்போடு இரும்பாக முடுக்கினால் அதிர்விலேயே விரிசல் விடும். எண்ணெய் ஓடும் ஓஸைப் புகைக்குழாய் பக்கம் போகாமல் வளைத்துக் கட்டினார். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது.

கடைசியில் கம்பி வலை ஒன்றைக் கொண்டுவந்தார். "ஊருக்குள்ள போறீங்க, முன்னால போட்டுக்குங்க." அண்ணன் காரில் வலை கிடையாது, கூலரின் வெள்ளிப் பல்வரிசை பளிச்சென்று தெரியும். எனக்கும் அப்படித் தெரிய வேண்டுமே! வேண்டாம் என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கும்பகோணம் தாண்டும்போது வண்டி பூ மாதிரி போயிற்று. அண்ணன் பக்கத்து சீட்டில். திருப்பனந்தாள் பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டு, எங்கள் நிலத்து வழியாகக் குத்தாலம் போகலாம் என்றேன்.

"வேணாம் பாப்பா. ரோடு சரியில்ல. நேரா போ."

என் கார் அவன் காரைவிட நன்றாக ஓடுகிறது, அது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த சந்தோஷத்திலேயே திரும்பினேன்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது. நிலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், தார்ச்சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். நெல் அறுத்த வயலில் உளுந்து எடுக்கும் பருவம் அது. போகிற வண்டிச் சக்கரமே போரடித்துக் கொடுத்துவிடும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் திறந்த கூலரோடு அதற்குள் போகக் கூடாது என்பதுதான் தோன்றவில்லை. ஐம்பது அடி போவதற்குள் கரகரவென்று சத்தம், பிறகு கருகல் வாசனை. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் கூலரின் பல்வரிசை முழுக்கக் காய்ந்த கொடி அடைத்திருக்கிறது, அடியில் புகைக்குழாயைச் சுற்றிக்கொண்ட ஒரு கொத்து புகைகிறது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து அணைத்தேன்.

முறத்தோடு ஒரு பெண் ஓடிவந்தார், என் வயதுதான் இருக்கும். "ஏங்க நிறுத்திட்டீங்க? ஏத்திட்டுப் போங்க, நாலு வண்டி போனாத்தானே உதிரும்!" பக்கத்தில் வந்ததும் அண்ணனைப் பார்த்துவிட்டார். "அட, அண்ணனா! நம்ம வயல் உளுந்துதாங்க. இந்த வருஷம் பொன்னா விளைஞ்சிருக்கு."

"எந்த வயல்?" என்றேன்.

"அந்தா, அந்த ஆறு மாவும். அண்ணனோட அப்பா தவறுனதுலேர்ந்து நான்தான் குத்தகைக்கு சாகுபடி பண்றேன். என் பேரு மலர்க்கொடி. நீங்க?"

"இவரு தங்கச்சி."

"தங்கச்சி ஆஸ்திரேலியாவுல இருக்கறதா சொன்னீங்களே அண்ணே?"

அண்ணன் குனிந்து ஒவ்வொரு கொடியாகக் கூலரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவு சிரத்தையாக என் காருக்கு அவன் எதுவும் செய்ததில்லை.

நான் வரப்பில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு கருவை முள் கிடையாது. மேடும் கிடையாது, வாய்க்கால் ஓரத்திலேயே மடை. எந்தப் பக்கம் முதலில் தண்ணீர் ஏறும், எந்த மூலையில் எலி வெட்டும் என்று மலர்க்கொடி சொல்லிக்கொண்டே வந்தார். இவ்வளவு நாளும் வெறும் எண்ணெய்ச் சூட்டுக்காக அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேனே, தூ! அன்றைக்கு மலர்க்கொடியைப் பார்த்துதான் காதில் புகை வந்தது. என் நிலம், அவருக்குத் தெரிந்த அளவில் கால்வாசிகூட எனக்குத் தெரியவில்லை.

காருக்குத் திரும்பினேன். "ஆபீஸ்ல கூட்டம் சேந்துடும் பாப்பா" என்றான் அண்ணன்.

"நான் வரல."

"கூலர் மாட்டிக் குடுத்தேன்ல?"

"காசை இப்பவே அனுப்பறேன். கையெழுத்து போட மாட்டேன்."

குத்தாலம் வரை கொண்டுபோய் விட்டேன். பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொண்டான், கதவை அடித்துச் சாத்தினான். அந்தக் கதவுக்கு உதிரிப் பாகம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

நீங்களும் இதே வேலையாகப் போவதாக இருந்தால், கூலர், தட்டு, ஓஸ், கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆனது. காலையில் விட்டால் மாலையில் எடுக்கலாம். மாட்டியதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். எண்ணெய் முக்கால் லிட்டர் கூடக் குடிக்கும். வலை போட்டே தீர வேண்டும், நான் சென்னையில் போட்டேன், சூட்டில் மூன்று டிகிரிகூட வித்தியாசமில்லை. மார்ச், ஏப்ரலில் டெல்டாவின் உள் சாலைகளில் தாழ்ந்த காரைக் கொண்டுபோகாதீர்கள். நிலம் இருந்தால் மட்டும் போங்கள்.

அடுத்த ஞாயிறு டிராக்கில் பத்து சுற்று ஓட்டினேன், எண்ணெய் நூற்றுப் பத்தைத் தாண்டவில்லை. அப்படியும் அண்ணன் என்னைவிட இரண்டு விநாடி வேகம். இனிமேல் சூட்டின் மேல் பழி போட முடியாது. எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது.

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போது மலர்க்கொடியிடமிருந்து போன். வயலில் இருக்கும் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையாம், சரி பண்ணுவதா, புதிதாகப் போடுவதா என்று கேட்டார். பேசி முடித்துத் திரும்பினால் அண்ணன் நிற்கிறான்.

"யாரு, மலர்க்கொடியா? உன்னையா கேட்டா?" என்றான். "என்னைக் கேக்காம உன்னையா?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக அது என் குரல்.