கழுத்துக் கருப்பு

என் நாத்தனாருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கேட்டால் அவரே சொல்வார்.

ஆடிக் கிருத்திகைக்குச் சேத்துப்பட்டிலிருந்து வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல், பத்தாவது படிக்கும் என் மகளைத் திருப்பி நிறுத்திக் கழுத்தைப் பார்த்தார். "இன்னா இது, இவ்ளோ அழுக்கு? நாளைக்குப் பட்டு கட்டி நிக்க வெச்சா எவன் பாப்பான்?" பீர்க்கங்காய் நாரை எடுத்து வந்து தேய்தேய் என்று தேய்த்தார். தோல் சிவந்ததே தவிரக் கருப்பு போகவில்லை.

"அழுக்கு இல்லீங்க அண்ணி," என்று நாரைப் பிடுங்கினேன். "ஒடம்புல இன்சுலின் ஜாஸ்தியா சுரந்துகினு இருக்குதாம். அதான் கருப்புன்னு டாக்டரம்மா சொன்னாங்க." மற்றதையும் சொன்னேன். சாப்பிட்டதும் இன்சுலின் மூளைக்குப் போய்ப் போதும் என்று சொல்ல வேண்டும். இவள் மூளை அதைக் காதில் வாங்குவதில்லை. ஆகவே இவளுக்கு எடுப்பது நிஜப் பசி. பட்டினி போட்டால் இன்னும் கூடும்.

"வயித்துக்குப் பசிக்கும். மூளைக்கு எங்கனா பசிக்குமா?" என்று சிரித்தார். தறியில் உட்கார்ந்தபடியே என் கணவரும் சிரித்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்துவிட்டால் டாக்டருக்குப் படித்தவர்களெல்லாம் முட்டாள்கள்.

மறுநாள் கிருத்திகை. மகளும் விரதம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. முருகன் பேரைச் சொல்லி அவள் பருத்த உடம்பை இளைக்க வைக்கிற யோசனை. நாத்தனாரும் விரதம்தான், சோற்றைத் தொடவில்லை. காலையில் இட்லி, அப்புறம் உப்புமா, மத்தியானம் வடை. பலகாரம் கணக்கில் வராதாம். என் மகளுக்கு மட்டும் வெறும் தண்ணீர். தோசை வார்த்து மாடிக்கு எடுத்துப் போனேன். "வேணாம்மா, அத்தை சிரிப்பாங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் படையல் முடிந்து இலை போட்டோம். மகளுக்குச் சோறு வைக்கப் போனேன்.

"பாத்து வை," என்றார் நாத்தனார், வாய் நிறையப் பாயசத்தோடு.

மகள் சட்டென்று இரண்டு கையாலும் இலையை மறைத்தாள். "எனக்குப் பசிக்கல."

கண் மட்டும் சோற்றுக் கரண்டியிலேயே இருந்தது.

"அண்ணி, கழுத்தையும் தேச்சாச்சி, வயித்தையும் காயப்போட்டாச்சி. இனிமே எம்பொண்ணு எலையப் பாக்காதீங்க. உங்க எலையப் பாத்துச் சாப்பிடுங்க."

மகளின் கைகளை விலக்கிச் சோற்றைப் போட்டேன். அவள் சாப்பிட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.