வேஸ்ட் கேட்டுக்கு இடம் கேட்டேன்

போன வெள்ளிக்கிழமை, நான்கு நாள் பாடுபட்டு வெல்டிங் வைத்த ஒரு பைப்பை அறுக்கச் சொன்னேன். யாரிடம்? வெல்டிங் வைத்தவரிடமே. அதுவும் ஞாயிற்றுக்கிழமை போட்டியை வைத்துக்கொண்டு.

கறம்பக்குடி சாலையில் பட்டறை வைத்திருக்கும் செல்வம் அண்ணன், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வீட்டு நிலைக்கதவை அறுக்கச் சொன்னதுபோல ஒரு பார்வை.

எங்கள் காரைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வரி. நானும் என் அக்கா மாலதியும் பாதிப்பாதி போட்டு வாங்கிய பழைய பெட்ரோல் கார் அது. நான் மெக்கானிக்கல் படித்தவள் – கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. அக்கா புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியை – ஓட்டுவது அவள் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வெளியூரில் ஒரு தனி ட்ராக்கில் நடக்கும் போட்டிக்காக, மற்ற நாளெல்லாம் பொறுமையாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறவள்.

இந்த வருடம் இன்ஜினுக்கு டர்போ போட்டோம். டர்போ என்றால்? சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சக்கரத்தால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. காற்று கூடினால் வேகம் கூடும். ரொம்பக் கூடினால்… பிஸ்டன் உருகும். அதனால் ஓர் அளவுக்கு மேல் புகையை டர்போவுக்கு விடாமல் பக்கவாட்டில் திறந்துவிட ஒரு கதவு வேண்டும். அதன் பெயர்தான் வேஸ்ட் கேட்.

வினையே அந்தப் பெயரில்தான்.

நம் ஊரில் 'வேஸ்ட்' என்ற சொல் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? அரியர் வைத்தவன் வேஸ்ட். படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் பட்டறையில் நிற்கிறவள் சுத்த வேஸ்ட். நான் திருச்சிக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போன அன்று, செல்வம் அண்ணன் வேஸ்ட் கேட் வந்த பெட்டியைப் பிரித்து, பெயரைப் படித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கதவு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜினிலிருந்து புகையை எடுத்துவரும் நான்கு பைப்பில் ஒன்றின் முதுகில், செங்குத்தாக, போதாக்குறைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பேருலயே வேஸ்ட்டுன்னு போட்டுருக்கான் பாப்பா. நல்ல சாமானுக்கு எடத்த விட்டுட்டு, அத அங்கிட்டு ஒதுக்கிட்டேன்."

வியாழக்கிழமை மாலை, குவாரிக்குப் போகும் தனிப் பாதையில், அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். கதவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஏழு பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்கானது. அதாவது மீட்டர் முள் ஏழில் நிற்க வேண்டும். நின்றதா? ஏழு… ஒன்பது… பதினொன்று… பதின்மூன்றில் நான் கத்தி, அக்கா காலை எடுத்தாள்.

முதலில் ஹோஸைச் சந்தேகப்பட்டேன். டர்போவின் காற்றை எடுத்துவந்து கதவுக்கு 'திற' என்று சொல்வது அந்தச் சின்ன ஹோஸ்தான். அதை மேல் முனையில் மாட்டினால் கதவு திறப்பதற்குப் பதில் இறுகிக்கொள்ளும். பார்த்தேன், சரியாகக் கீழ் முனையில்தான் இருந்தது. கதவும் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் திறந்து என்ன பயன்? அவ்வளவு வேகத்தில் ஓடிவரும் புகை, வந்த வழியே திரும்பி மூலையில் இருக்கும் கதவைத் தேடிக்கொண்டா போகும்?

அக்காவும் செல்வம் அண்ணனும் உடனே கூட்டணி அமைத்துவிட்டார்கள். ஆக்ஸிலரேட்டரைப் பாதிதான் மிதிப்பேன், போட்டியை முடித்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அக்கா. போட்டியில் பாதி மிதித்த ஒருத்தரை எனக்குக் காட்டு என்றேன். இருக்கிறது ஒரே இன்ஜின். இது போனால் இன்னொன்று வாங்க எங்கள் இருவருக்கும் வக்கில்லை. கார் கொட்டகைக்குப் போகும், அவ்வளவுதான்.

"ஒனக்கு எல்லாமே பரீட்சதாண்டி. நூத்துக்கு நூறு வந்தாத்தான் வெளிய வருவ," என்றாள்.

வலித்தது. இருந்தாலும் நகரவில்லை.

செல்வம் அண்ணனுக்கு வயல் இருக்கிறது, கண்மாய்க்குக் கீழே. அதனால் அந்தப் பாஷையிலேயே கேட்டேன். "அண்ணே, ஒங்க கண்மாயில மிச்சத் தண்ணி போற கலிங்கு எங்கிட்டு இருக்கு?"

"கரை முடியிற எடத்துல. தண்ணி தானா வந்து சாயிற பக்கம்."

"எடம் காலியா இருக்குன்னு மேட்டுல கட்டுனா?"

அண்ணன், அந்த நான்கு பைப்பும் சேர்ந்த மேனிஃபோல்டைக் குனிந்து பார்த்தார். "மேட்டுல கட்டுனா கரை ஒடச்சுக்கிட்டுப் போகும். ஊருக்குள்ள வெட்டுக்குத்தும் ஆகும்… இத மொதல்லயே கலிங்குன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னுக்கிட்டு."

பைப்பை அறுக்கக் கிரைண்டரை அவரே எடுத்தார்.

நான்கு பைப்பும் ஒன்றுசேர்ந்து டர்போவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், புகை போகும் திசையிலேயே சாய்த்து, கதவின் வாய் அளவுக்கே துளை போட்டோம். கதவிலிருந்து வெளியேறும் பைப்பை அப்படியே திறந்துவிடலாம், சத்தம் கெத்தாக இருக்கும் என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றேன். டர்போவைத் தாண்டி, சைலன்சர் பைப்பிலேயே வளைத்துச் சேர்க்க வைத்தேன். எங்கள் கார் போவது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

சனிக்கிழமை மதியம் வெல்டிங் முடிந்தது. மாலைக்குள் ட்ராக்கில் வண்டியைக் காட்டிப் பதிய வேண்டும். மேனிஃபோல்டோ கொதிக்கிறது. வளையாமல் இருக்க, ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார் அண்ணன். அது தானாக ஆற வேண்டும். அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"தண்ணி பட்டா விரிசல் விட்டுரும் டீச்சர். வேணும்னா என் தலையில ஊத்துங்க."

முந்தைய நாள்வரை எதிர்க்கட்சியில் இருந்த மனிதர்! அக்கா வாளியைக் கீழே வைத்தாள். ஆறி, மாட்டி முடிக்கும்போது பதிவு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. வீட்டுக்கு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போதும்.

ஞாயிற்றுக்கிழமை. ட்ராக்கில் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மறுபடி குவாரிப் பாதையில். அக்கா முழுசாக மிதித்தாள். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு… ஏழரை. தமிழர்களுக்கு ஏழரை என்றாலே சனிதானே நினைவுக்கு வரும்? எனக்கும் வந்தது. முள் ஒருமுறை நடுங்கி, ஏழுக்கே இறங்கியது. அங்கேயே நின்றது. பாதை முடியும்வரை அக்கா காலை எடுக்கவில்லை, நானும் கத்தவில்லை.

வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "இழுக்குதுடி," என்றாள். முந்தைய மாலைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஒருவர் தவறான இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டால், அதைச் சுற்றியே எல்லோரும் பழகிக்கொள்வதுதான் நம் வழக்கம். பாதி மிதி, மெதுவாகப் போ, அடுத்த வருடம் பார்ப்போம்… மாட்டேன் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

சாயங்காலம் போட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "என்ன சிஸ்டர்ஸ், பயந்துட்டீங்களா?"

நான் டைப் செய்வதற்குள் அக்கா பதில் போட்டுவிட்டாள்: "ஆமாங்க. இன்ஜின் பத்திரமா இருக்கு. அடுத்தது எப்ப?"