ராட்டினத்தோடு வந்தவர்கள்

பிள்ளைகளா, நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடந்ததில் பிழை இல்லை.

பெரியவளே, உனக்கு நினைவிருக்கும். தோஹாவில் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து மாதா திருவிழா கொண்டாடிய அன்று, கொடி பிடித்து முன்னால் நடக்கிற பெண்பிள்ளைகளோடு நீயும் வெள்ளைக் கவுன் போட்டு நின்றாய். ஊர் மன்றச் செயலாளர் வந்து உன் தோளைப் பிடித்து விலக்கினார்.

“இது பழைய குடும்பத்துப் புள்ளைகளுக்கும்மா. நீ அங்க போய் உக்காரு.”

நான் எழுந்து ஓடினேன். “ஏன் அண்ணாச்சி, எம்புள்ள நிக்கக்கூடாதா?”

“வே, உம்ம பூட்டன் ராட்டினம் சுத்த வந்த ஆளு. திருவிழா முடிஞ்சும் ஊரவிட்டுப் போகல, அவ்வளவுதான். ராட்டினக்காரனுக்கு எதுக்குவே கொடி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது காரில் நீ கேட்டாய்: “டாடி, அப்போ நம்ம ஃபேக்கா?”

அதன்பிறகு ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட் முறுக்கும்போதெல்லாம் அந்த ஆளின் கழுத்து ஞாபகம்தான். அடுத்த லீவுக்கு வீட்டு ஓடு மாற்றப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். பொய் சொன்னேன். ஓடு இன்னும் ஒழுகுகிறது.

ஊர்க் கோயிலில் பூட்டனின், அதாவது என் தாத்தாவுடைய அப்பாவின், கல்யாணப் பதிவு கிடைத்தது. அவருடைய வயதும் அப்பா அம்மா பெயரும் அதில் இருந்தன. ஆனால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இல்லை. அந்தப் பெரிய ஏட்டை உபதேசியார் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். “இங்க இல்ல தம்பி. வழியில எங்கயாவது பொறந்திருப்பாரு” என்றார்.

வழியில் என்றால் எந்த வழி? அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ராட்டினம் நினைத்த இடத்தில் நிற்காது. திருவிழா எங்கேயோ அங்கேதான் நிற்கும். பிள்ளை பிறந்தால் அந்தக் கோயிலிலேயே தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சுற்றுவட்டாரக் கோயில்களின் திருவிழாக்களை மாத வரிசையில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு கோயிலிலும் திருவிழா நடக்கிற பத்து நாள் பதிவை மட்டும் கேட்டேன். மற்றப் பக்கங்களை நான் தொடவேயில்லை. மூன்று கோயிலில் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் கரையான் எனக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

நாலாவது கோயிலில் பூட்டன் இருந்தார். அதே அப்பா, அதே அம்மா. ஊர் என்கிற இடத்தில் ஊர்ப் பெயர் இல்லை. ‘ராட்டினத்தோடு வந்தவர்கள்’ என்று அந்தக் காலத்துச் சாமியார் சாய்வெழுத்தில் எழுதியிருந்தார். நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அடுத்த வரியைப் படித்துவிட்டேன்.

அதே நாளில் ஞானஸ்நானம் பெற்ற இன்னொரு குழந்தை, அதே குறிப்போடு. அந்தப் பெயர் நம் ஊர்க் கொடிமரக் கல்வெட்டில் முதல் பெயராக இருக்கிறது. செயலாளர் மேடை ஏறினால் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுகிற பெயர், அவருடைய பூட்டனின் பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாமே என்று ஊருக்குத் திரும்பிப் போய், கல்வெட்டுக்காரரின் கல்யாணப் பதிவையும் பார்த்தேன். பெற்றோர் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அன்றைக்கு எனக்குப் பிரியாணி சாப்பிடத் தோன்றியது. சாப்பிட்டேன்.

தோஹாவில் அடுத்த திருவிழாவுக்கான கூட்டம். என் முறை வந்ததும் போனை டிவியில் இணைத்து, ஞானஸ்நானப் பதிவையும் கல்யாணப் பதிவையும் பக்க எண் தெரிய நான் எடுத்திருந்த இரண்டு படத்தையும் காட்டினேன்.

“என்னவே இது?” என்றார் செயலாளர்.

“உம்ம பூட்டன் ஞானஸ்நானம், அண்ணாச்சி. மேல் வரி எங்க ஆளு. ஒரே நாளு, ஒரே ராட்டினம்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அண்ணாச்சி, உங்க ஆளு டிக்கெட் கிழிச்சாரா, தள்ளிவிட்டாரா?”

கூடம் அதிர்ந்தது. போன வருஷம் சிரித்த அதே வாய்கள்தான். செயலாளர் எழுந்து வந்து என் காதருகே சொன்னார்: “தனியா சொல்லிருக்கலாம்லாவே.”

“எம்புள்ளகிட்ட நீரு தனியாவா சொன்னீரு?”

நான் உட்காராமல் நின்றேன். கொடி பிடிக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் செயலாளர் தன் கையாலேயே எழுதினார். அந்த வருஷம் நீதான் முதலில் நடந்தாய். அவர் கடைசி நாற்காலியில் இருந்தார்.

ராட்டினம் சுற்றியது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அவர்தான் நினைத்தார். அதனால் அந்த அடி அவருக்கு மட்டும் வலித்தது. வெள்ளிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் உங்களுக்கு மன்னிப்பைப் பற்றிச் சொல்லித்தருகிறார்கள். நல்ல பாடம், படியுங்கள். எனக்கு அந்த நாற்காலியை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

திருவிழா முடிந்து நீங்கள் அம்மாவோடு சாப்பிடப் போனீர்கள். நான் வண்டி எடுக்கிற சாக்கில் பார்க்கிங்குக்கு இறங்கினேன். இரண்டு நாள் புழுதிக்காற்றில் எல்லா வண்டியும் ஒரே நிறமாக நின்றது. செயலாளரின் லேண்ட் குரூசரைத் தேடிக் கண்டுபிடித்து, பின்கண்ணாடியில் படிந்திருந்த மண்ணில் அவர் பூட்டன் இருக்கும் ஏட்டுப் பக்கத்தின் எண்ணை விரலால் பெரிதாக எழுதினேன்.