புட்டியின் அடியில் நின்ற தண்ணீர்

என் மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் ஊறுகாய் வந்த புட்டி. அதில் முக்கால் பங்கு டீசல். அதற்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். பன்னிரண்டு ஆண்டுகளில் டீசல் கறுத்துப் பழைய தேனின் நிறத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் அப்படியே நிற்கிறது. வீட்டுக்குள் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள், தூக்கிப் போடுங்கள் என்று என் மகன் மூன்று முறை சொல்லிவிட்டான். போட மாட்டேன் என்று மூன்று முறையும் சொன்னேன். எழுபத்தாறு வயதில் பிடிவாதம் பிடிக்க ஒருவனுக்கு அதிகம் மிச்சமிருப்பதில்லை. எனக்கு இந்தப் புட்டி மிச்சமிருக்கிறது.

நான் மதுரையில் வரலாறு படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவன். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மேலாளராக இருந்தேன். முதலாளி குடும்பம் போடியில் இருந்தது. தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. காய் எடுக்கும் பெண்களைச் சிலமலையிலும் போடியிலும் ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் ஒரு ஜீப்பு மலையேறும். நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. அதை ஓட்டியவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று அவரை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் அழைத்தேன். இன்று எழுத்தில் ‘அவர்’ என்று போடுகிறேன். இந்த மரியாதை மிகவும் தாமதமாக வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் தோட்டத்துக் கொட்டகையில் வைத்த டீசல் பீப்பாய்களுக்கு உள்ளே வியர்த்துக் கொட்டும். வெளியே பனிமூட்டம், உள்ளே காலி இடம். தகரத்தின் உட்புறத்தில் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் டீசலோடு சேர்ந்து வண்டிக்குப் போகும். அதனால் ஓட்டுநர் தினமும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலை இந்தப் புட்டியில் பிடிப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அடியில் தண்ணீர்க் கோடு தெரியாமல் போகும்வரை பிடித்துவிட்டுத்தான் திருகை மூடுவார். பெண்கள் கேலி பேசுவார்கள். ‘அண்ணே, வெரசா மருந்து குடுத்து முடிங்க, பிள்ளைக்குக் காய்ச்சலா’ என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே சோலியைப் பார்ப்பார். எனக்கு அது டீசலை வீணாக்குவதாகவே தெரிந்தது. இரண்டு தடவை கண்டித்துமிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஏலக்காய் விலை விழுந்திருந்தது. செலவைக் குறைக்கச் சொல்லி முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஜீப்பின் ஃபில்டர் மாற்ற வேண்டிய நேரம். வண்டிக் கம்பெனியின் பெயர் போட்ட ஃபில்டர் விலை அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு, பெயரே இல்லாத பெட்டியில் ஒன்று போடியில் கிடைத்தது. இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன். ஓட்டுநர் தாமாகவே மூன்றாவதாக ஒன்றையும் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் செய்தது, விலை கம்பெனிச் சரக்கில் பாதிதான் இருக்கும். கழற்றிப் போட்ட பழையவை சிலவற்றை ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளையும் விரித்து வைத்திருந்தார். மடிப்புகள் எத்தனை, ஓரத்துப் பசை விட்டிருக்கிறதா, ரப்பர் வளையம் நகம் பட்டால் வெடிக்கிறதா என்றெல்லாம் தொட்டுக் காட்டினார். பெயரில்லாததின் தாள் மெலிந்து, மடிப்புகள் அகன்று கிடந்தன. முக்கியமாக, தண்ணீரை இறக்குவதற்கான திருகு அதில் இல்லை.

‘விலை குறைச்சலா வாங்குறது தப்பில்ல சார். எதுல குறைச்சிருக்கான்னு பாக்கணும். இந்தக் கோயம்புத்தூர்க்காரன் பெட்டிலயும் பேர்லயும் குறைச்சிருக்கான், அது நமக்கு லாபம். அந்தப் பேரில்லாதவன் தாள்லயே குறைச்சிட்டான்’ என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் காய் எடுத்து இறங்கிய பெண்கள் சுற்றி நின்றார்கள். படித்தவனுக்கு ஓட்டுநர் பாடம் சொல்வதை அவர்கள் வேடிக்கை பார்ப்பதாக எனக்குப் பட்டது. நானும் ஒரு சோதனை செய்து காட்டினேன். இரண்டு தகர டப்பாக்களின் மேல் கம்பெனி ஃபில்டரையும் பெயரில்லாததையும் நிறுத்தி, இரண்டிலும் டீசலை ஊற்றினேன். விலை அதிகமானது சொட்டுச் சொட்டாக விட்டது. மலிவானது கடகடவென்று இறக்கிவிட்டது. ஏலக்காயிலேயே வாழ்ந்தவன் நான். காய்ந்த காயைச் சலிக்கும்போது கண் அடைக்காமல் விரைவாக இறக்குகிற சல்லடைதான் நல்ல சல்லடை. அந்தக் கணக்கையே இதற்கும் போட்டு, ‘பார், எது நன்றாக வேலை செய்கிறது’ என்றேன்.

‘சல்லடையில மேல நிக்கிறதுதான் சார் உங்களுக்குச் சரக்கு. கீழ விழுறது கழிவு. இங்கன கீழ விழுறதுதான் எஞ்சினுக்குப் போகுது’ என்றார் அவர். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் முடிவு செய்தது. நான் கடைக்காரனிடம் தரகு வாங்கினேன் என்று பின்னால் சிலர் பேசிக்கொண்டார்கள். வாங்கியிருந்தால்கூட அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் பெயரில்லாததையே மாட்டச் சொன்னேன். மாட்டினார். மாட்டிவிட்டு, ‘இதை வச்சு உரமூட்டை ஏத்துறேன். ஆளை ஏத்த மாட்டேன்’ என்றார்.

மூன்று நாள் ஜீப்பு ஆளை ஏற்றவில்லை. பெண்களிடம், ‘வண்டி தயாராக நிற்கிறது, உங்கள் டிரைவர்தான் வர மாட்டேன் என்கிறான்’ என்று சொல்லி அனுப்பினேன். கூலி போன கோபத்தை அவர் மேல் திருப்பிவிட்டேன். நான்காம் நாள் சிலமலையிலிருந்து வரும் ஒரு பெண், காய் எடுப்பில் எல்லோருக்கும் முன்னால் நிற்பவள், அவர் வீட்டுக்கே போய்ப் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். அவர் ஏற்றிக்கொண்டார். நடந்து போகிற வேகத்தில் ஓட்டினார்.

ஒன்பதாம் நாள், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எஞ்சின் நின்றது. தண்ணீர் ஃபில்டரைத் தாண்டிப் போயிருந்தது. அந்த வண்டியில் எஞ்சின் நின்றால் இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாக இறுகிவிடும், வண்டி பிடிக்காது. பதினான்கு பெண்களோடு ஜீப்பு பின்னால் உருளத் தொடங்கியது. ஒரு பக்கம் பள்ளம். அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியின் பின்பக்கத்தை மலைச்சுவரோரத்து வாய்க்காலில் கொண்டுபோய் இடித்து நிறுத்தினார். வண்டி சாய்ந்தது. பதின்மூன்று பேருக்குச் சிராய்ப்பு. அந்தச் சிலமலைப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

மறுநாள் முதலாளி வீட்டு முன்னறையில் விசாரணை. மேசை மேல், ஏலம் விடுவதற்கு அனுப்பும் ஏலக்காய் மாதிரிகள் வைத்த தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சரக்கின் விவரமும் உரியவர் பெயரும் எழுதிய சீட்டு. ஓட்டுநர் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் இந்தப் புட்டியை வைத்தார். கழற்றிய ஃபில்டரிலும் குழாயிலும் இருந்ததை அதில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். குலுக்கினார். எல்லாம் கலங்கி வெளுத்தது. ‘கொஞ்ச நேரம் பொறுங்க முதலாளி’ என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அடியில் இறங்கி நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான், ‘இந்தத் தண்ணீர் எங்கிருந்தும் வந்திருக்கலாம்’ என்றேன்.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தமிழ் நன்றாக எழுத வரும். அதையும் நன்றாகவே எழுதினேன். ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்ற இரண்டு சொற்களை எந்த இடத்தில் வைத்தால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்களோ, அந்த இடத்தில் வைத்தேன். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலையில் வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். ஓட்டுநர் கடிதத்தை முழுவதும் படித்தார். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினார். ‘எழுதுனது நீங்க. நீங்களே போட்டுக்கங்க சார்’ என்றார். புட்டியை எடுக்காமல் போய்விட்டார். அதை நான் எடுத்து வந்தேன்.

அந்தக் கடிதம் மற்றத் தோட்டங்களுக்கும் போனது. ஆளைக் கவிழ்த்தவன் என்ற பெயர் வந்த பிறகு ஆளை ஏற்றும் வண்டியை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கல் ஏற்றினார், செங்கல் ஏற்றினார். பிறகு ஒரு பழைய ஜீப்பை வாங்கிக் குரங்கணிப் பாதையில் காப்பிக்கொட்டை மூட்டை இறக்கினார். மூட்டைதான்; ஆளை ஏற்ற ஜீப் ஸ்டாண்டில் இடம் வேண்டும், அந்த இடத்தை அவருக்குத் தரவில்லை. நான் ஓய்வுபெற்றுப் போடியிலேயே வீடு கட்டினேன். கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். அவர் ஒருநாளும் திரும்பியதில்லை.

போன மாதம் என் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு காலைச் சாய்த்து நடந்துவந்த விதத்திலேயே அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றபடியே பேசினாள். அவர் மறுபடியும் ஸ்டாண்டில் இடம் கேட்டிருக்கிறார், பழைய கதையைச் சொல்லி இந்த முறையும் மறுக்கப்போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் என்றாள்.

‘நாங்க சொன்னா, ஒங்க அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுறீகன்றாக. எழுதுன ஆளே வந்து சொல்லட்டும். சாகுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல சோலி பாருங்க சார்.’

என் மகன் வேண்டாம் என்றான். இப்போது போய்ச் சொன்னால் ஊர் என்ன சொல்லும், முதலாளி குடும்பம் என்ன நினைக்கும், உங்களைப் போலீசு கேட்டால் என்ன செய்வீர்கள் என்றான். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை என்பதுதானே என் நோய். புட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டாண்டை ஒட்டிய தேநீர்க் கடையில் இருபது ஓட்டுநர்கள் இருந்தார்கள். அவர் ஓரமாகத் தம்முடைய ஜீப்பில் சாய்ந்து நின்றார். நான் எதையும் அழகாகச் சொல்லவில்லை. ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தது நான், அவர் வேண்டாம் என்றார், சிரித்தார்கள் என்பதற்காக மாட்டச் சொன்னேன், கடிதத்தில் எழுதியது பொய், அவர் வளைத்திருக்காவிட்டால் பதினான்கு பேர் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், ‘இம்புட்டு நாளா எங்கிட்டுப் போயிருந்தீக’ என்றார். இங்கேயேதான் இருந்தேன் என்றேன். ஸ்டாண்டின் தலைவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரிடம், ‘நாளைல இருந்து வண்டியை வரிசையில போடு மாப்ளே’ என்றார்.

நான் அவர் அருகில் போய்ப் புட்டியை நீட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் புட்டியை வாங்கி, பழைய வழக்கம் மாறாமல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு என் கையிலேயே திரும்ப வைத்தார்.

‘டீசலு தோட்டத்தோடது. புட்டி ஊறுகாய்க்காரனோடது. அந்தத் தண்ணி உங்களுது சார். நீங்களே வச்சுக்கங்க.’

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இப்போது தினமும் காலையில் அவருடைய ஜீப்பு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறது. பாதி விலைக் கோயம்புத்தூர் ஃபில்டரைத்தான் இன்றும் போடுகிறார் என்று அந்தச் சிலமலைப் பெண் சொன்னாள். முதலாளி வீட்டிலிருந்து என் மகனுக்கு வருத்தத்தோடு ஒரு தொலைபேசி வந்தது. நான் சொன்னதை மாற்றிச் சொல்ல வழி உண்டா என்று கேட்டார்களாம். இல்லை. அன்று கடிதம் எழுதிய அதே கையால்தான் இதை எழுதுகிறேன். இதற்கு நான் கையெழுத்தும் போடுவேன்.

நேற்று மகன் நான்காவது முறையாகப் புட்டியைக் கையில் எடுத்தான். எடுத்தவன், அதில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தான். ஏலத்துக்கு அனுப்பும் ஏலக்காய் மாதிரித் தட்டில் ஒட்டுவதுபோல ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். சரக்கு: தண்ணீர். உரியவர் என்ற இடத்தில் என் பெயர், முழுப் பெயர், பட்டத்தோடு.