யோபு வரை வந்த குறிப்புகள்

இரண்டு வாரத்துக்கு முன் புதன்கிழமை மாலை, வேதபாடக் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஷீபா தொலைபேசியில் அழைத்தாள். "ஆண்டி, அப்பா போயிட்டாங்க" என்றாள். 

ஷீபாவின் அப்பா திரு. ஜெயசீலன் அவர்கள் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டுக்காரராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்தவர். அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் இறந்தபோது சான்றிதழ் முதல் கல்லறை இடம் வரை எல்லாவற்றுக்கும் அவரே அலைந்தார். நன்றி சொன்னதற்கு, "ஃபைல் நகர்த்தியே பழகினவன் டீச்சர், இதுல என்ன இருக்கு" என்றார்.

வேதபாடத்தை நான் நடத்தினேன். அவர் குறிப்பு எழுதினார். அலுவலகப் பழக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில். நோட்டுகளைக் கரையான் அரித்த பிறகு, மடிக்கணினியில் வேதாகம மென்பொருள் ஒன்றைப் போட்டு அதில் தட்டி வைத்தார். ஒவ்வொரு குறிப்பையும் ஒரே மொழிபெயர்ப்போடு இணைக்கலாம். எல்லா மொழிபெயர்ப்பிலும் தெரியும்படியும் விடலாம். எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்டார். நான் கான்வென்ட்டில் படித்து டீச்சரானவள். ஒரு சொல்லுக்கு எழுதிய விளக்கம் வேறொரு சொல்லின் கீழ் நிற்பதைப் பொறுக்க மாட்டேன். நாம் படித்தது தமிழ் மொழிபெயர்ப்பு, குறிப்பும் அதோடுதான் இருக்க வேண்டும் என்றேன். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்லா" என்று அப்படியே செய்தார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் தவறு தெரிந்தது. மகள் ஷீபா டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அவளுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறந்தால் ஒரு குறிப்பும் இல்லை. மொத்தமாக மாற்ற வழியும் இல்லை. முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லா மொழிபெயர்ப்பிலும் தெரியும்படி மாற்றத் தொடங்கினார். மருந்து ஏறிய நாளிலும் விடவில்லை. உதவுகிறேன் என்று நான் சொல்லவில்லை. என் தீர்ப்பைத் திருத்துகிறாரே என்று எனக்கு மனத்தாங்கல்.

கடைசியாகப் பார்த்தபோது, "யோபு புஸ்தகம் முடிஞ்சிட்டு டீச்சர். அடுத்தது சங்கீதப் புஸ்தகம். அதுலதான் முக்கியமானது ஒண்ணு இருக்கு" என்றார். என்ன என்று கேட்டிருக்கலாம்.

அடக்கத்தன்று காலை ஷீபா மடிக்கணினியோடு வந்தாள். "எந்தச் சங்கீதம் வாசிக்கணும்னு பாஸ்டர் கேக்கறாங்க. அப்பா சங்கீதத்துக்கு ஒண்ணுமே எழுதலையா, ஆண்டி?" ஆங்கிலப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"எழுதியிருந்தா இருக்கும்" என்றேன். அவர் யோபுவோடு நின்றது அப்போது நினைவுக்கு வரவில்லை; அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். போதகர் தமக்குப் பிடித்ததை வாசித்தார்.

மூன்றாம் நாள், வேதபாடக் குழுவுக்காகக் குறிப்புகளை எடுக்க அந்த மடிக்கணினியை வாங்கி வந்து தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்தேன். நூற்று இருபத்தோராம் சங்கீதத்தின் கீழ், கோப்பில் எழுதுவது போல இரண்டு வரி: என் அடக்கத்தில் இது. ஷீபா வாசிக்கட்டும், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

ஆட்டோ பிடித்துப் போய் அவளிடம் சொன்னேன். யார் தவறு என்பதையும் சொன்னேன். சரி என்பதுபோல "அச்சா" என்றாள். செருப்பை மாட்டினாள்.

கல்லறையில் மண் இன்னும் இறுகவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வாசித்தாள். குரல் நடுங்கியது. திரும்பும் வழியில் அவள் என்னோடு பேசவில்லை. பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜெயசீலன் அவர்களே, அவள் வாசித்த பக்கத்தில் உங்கள் குறிப்பு தெரிந்தது. அந்த ஒன்றை நான் மாற்றியிருந்தேன். மீதியை முதலாம் சங்கீதத்திலிருந்து மாற்றி வருகிறேன்.  நீங்கள் போய் வாருங்கள்.