கையால் பிடித்த பந்து

போன வாரம் கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர் தைலப் புட்டியைத் திறந்தார். பாவம், அவருக்குத் தலைவலி. எனக்கோ கண் எரிய ஆரம்பித்துவிட்டது. தைலம் என் பக்கம்கூட வரவில்லை, வாசனைதான் வந்தது. அதற்கே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். "என்ன சார், ஒத்துக்காதா?" என்று கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் கல்லூரியில் கால்பந்து ஆடிய காலத்தில் தைலம் வலிக்கு மட்டுமானதல்ல. கார்னர் உதைக்கு எல்லோரும் கோல் முன்னால் நெருக்கியடித்து நிற்போம். உள்ளங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவன், தடுக்கி விழுகிறவன் மாதிரி நம் முகத்தில் கையை ஊன்றுவான். அவ்வளவுதான். பந்து எங்கே, கோல் எங்கே, நாம் எங்கே என்றே தெரியாது. நடுவர் திரும்பும்போது அவனே நம் கண்ணை ஊதிவிட்டுக்கொண்டிருப்பான்.

அந்த வித்தையில் ராஜபாண்டியை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் கூடலூர். கம்பம் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்த ஒரு கல்லூரிக்குத் தடுப்பாட்டக்காரன். நான் தேனிக் கல்லூரிக்கு முன்வரிசை. எனக்கு ஓட்டம் நன்றாக வரும், பந்தோடு ஓடுவதுதான் கொஞ்சம் சிரமம். இரண்டு கல்லூரிக்கும் ஜென்மப் பகை. எதனால் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்தால் தீர்த்திருப்போமோ என்னவோ. சட்டையைப் பிடித்து இழுப்பது, கால்விரலை மிதித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது, கிள்ளுவது எல்லாம் இரு தரப்பிலும் உண்டு. நாங்களும் புத்தர்கள் இல்லை.

ராஜபாண்டியின் பெரிய ஆயுதம் வாய்தான். எங்கள் வீட்டுச் செய்தி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தன் அக்கா கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க எங்கள் பாத்திரக் கடைக்கே வந்துபோனவன் அவன். எதிர்க் கல்லூரிக்காரன் என்று தெரியாமல் அப்பா அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, அண்டாவைத் தட்டித் தட்டி ஓசை காட்டி அனுப்பினார். "கூடலூர்ப் பையன் ஒருத்தன் வந்தான்டா, என்னா மரியாதெ" என்று இரவுச் சாப்பாட்டில் புகழ்ச்சி வேறு. 

அடுத்த ஆட்டத்தில் அந்த மரியாதை என் காதோரம் வந்தது. "ஏலே தேனி, ஒங்க கடையில தீப்புடிச்சிருச்சாம்ல?" நான் பதறித் திரும்பினேன். பந்து என்னைத் தாண்டிப் போனது. இன்னொரு முறை, "ஒங்கப்பா வந்துருக்காக, அங்கன பாரு" என்றான். நான் பந்தாடுவது அப்பாவுக்கு ஆகாது. நான் சட்டென்று குனிந்து கோடு பார்க்கிறவருக்குப் பின்னால் ஒளிந்தேன். மைதானமே சிரித்தது.

கடைசி வருடம் இறுதி ஆட்டம் பெரியகுளத்தில் நடந்தது. ஆவணி பிறந்தும் காற்று ஓயவில்லை. மாந்தோப்புப் பக்கமிருந்து புழுதியை அள்ளி வீசியது. வடக்கே உதைத்த பந்து கிழக்கே போகும். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு. அதில் இடம் கிடைத்தால் காவல்துறை வேலைக்கு வழி பிறக்கும். ராஜபாண்டிக்கு அந்த ஆசை வெறியாகவே இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கொஞ்ச நேரம்தான் மிச்சம்.

அப்போது அவன் என்னை ஒட்டி வந்தான். "ஏலே தேனி, ஒங்கப்பாவுக்கு நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரியில சேத்துருக்காகளாம். போடா."

"போடா நாயே" என்று முழங்கையால் அவன் விலாவில் ஒன்று வைத்தேன்.

"நெசமாத்தான்டா. ஆளு வந்துருக்காக."

நான் திரும்பவே இல்லை. பந்து என்னை நோக்கி உயரமாக வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ராஜபாண்டி எம்பினான். தலையால் முட்டுவான் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்து, பலாப்பழத்தை அணைப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான். தன் கோல் முன்னால், நடுவர் கண்ணெதிரே.

நடுவர் விசில் ஊதினார். எங்களுக்குப் பெனால்டி. அவனுக்குச் சிவப்பு அட்டை. அவன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

"இப்பவாச்சும் நம்புறியாடா?"

"விடாத, இதும் அவென் வேலதான்" என்று எங்கள் கேப்டன் கத்தினான். ஆனால் நான் திரும்பிவிட்டேன். அவர்களுடைய கோலுக்குப் பின்னால் கூட்டம் ஒருவரைத் தடுத்துப் பிடித்திருந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த சாமுவேல் மாமா. அத்தனை நேரமும் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் நின்ற ராஜபாண்டிக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

அவர்கள் அணி வந்த ஜீப்பை அவன் சித்தப்பாதான் ஓட்டி வந்திருந்தார். "சித்தப்பா, எடுங்க, தேனிக்கு!" என்று என்னையும் மாமாவையும் ஏற்றித் தானும் ஏறினான். வழியெல்லாம் அவன் என் முட்டியை அழுத்திப் பிடித்திருந்தான்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. மண் அப்பிய என் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

"நீ... அண்டா வாங்குன பையன்ல?"

"ஆமாங்கய்யா."

"ஒழுகலயே?"

"ஒழுகலங்கய்யா. நல்லா இருக்கு."

அப்பாவுக்கு அது திருப்தியாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை போய்விட்டார். அந்தக் கை எனக்குக் கிடைத்தது ராஜபாண்டியால்.

நாங்கள்தான் கோப்பை வாங்கினோமாம். பெனால்டியை வேறு எவனோ அடித்தான். கூடலூர்க்காரன் விலைபோய்விட்டான் என்று அவன் கல்லூரியில் பேசினார்கள். பல்கலைக்கழக அணியில் அவன் பெயர் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவனிடம், "ஏன்டா, பந்தை வெளியே ஒதச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "வெளிய ஒதச்சா நீ பந்த எடுத்து உள்ள எறிய ஓடியிருப்படா. ஒன்னைய எனக்குத் தெரியாதா?" என்றான். அதன்பின் நான் கடையில் உட்கார்ந்தேன். அவன் குமுளிக்கு ஜீப் ஓட்டினான். பிறகு மலையேறிக் கேரளத்துப் பக்கம் குடிபோனதாகச் சொன்னார்கள். கூடலூரில் கேட்டுப் பார்த்தேன். வீட்டை விற்றுவிட்டார்கள், விலாசம் யாரிடமும் இல்லை.

பெரியகுளத்து மைதானம் இப்போது மனைகளாகிக் கல் நட்டுக் கிடக்கிறது. பையன்கள் புறவழிச் சாலையோரம் பச்சை விரிப்பு போட்ட கூண்டுக்குள் ஆடுகிறார்கள். கிள்ளு இல்லை, மிதி இல்லை, நல்லதுதான். என் தங்கை மகன் அங்கே ஆடுகிறான். "எதிர்ல ஆடுறவன் யார்றா?" என்று கேட்டேன். "தெரியாது மாமா, போன்ல புக் பண்ணி வர்றவங்கதான்" என்றான். பொய் சொல்லி ஏமாற்றுவதற்குக்கூட, அவர்களில் ஒருவனுக்கும் மற்றவனின் அப்பா யாரென்று தெரியாது.