எசினாத்தி கேட்ட அபராதம்

எசினாத்தி ஜெரேயின் புருஷன் யோசபாத்தை எருமை முட்டிய வருஷம் லுவாங்வா ஆற்றில் பாலம் போயிருந்தது. காட்டுக் காவலுக்குப் போன இடத்தில் தொடை கிழிந்து கிடந்தவரை முகாம் முதலாளி ஹால்வர்தான் தோணியில் ஏற்றினார். அக்கரையில் இறங்கியதும் முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றில் இரண்டு மணி நேரம் நடந்து மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். யோசபாத் இன்றைக்கும் இருக்கிறார், சற்று நொண்டுவார், அவ்வளவுதான். அதனால் முகாமில் சமையல்காரியாக எசினாத்தி வடிக்கும் ஒவ்வொரு சட்டிக்குள்ளும் ஒரு நன்றி வேகும் என்று சொல்லலாம்.

ஹால்வர் நார்வேக்காரர். தன் மீன்பிடிப் படகுகளை விற்றுவிட்டு வந்து, ஊர்ச் சபையிடமும் அரசாங்கத்திடமும் இந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர். அப்போது இங்கே யானையின் லத்தியைப் பார்ப்பதே அதிசயம். நாற்பது பேரைக் காவலுக்கு வைத்தார். யானைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பெண்கள் விறகுக்குப் போகப் பயப்படும் அளவுக்கு வந்தன.

பிறகு வந்தார் கசொண்டே, மாவட்டத்து வனவிலங்கு அதிகாரி. எந்தக் கையெழுத்துக்கும் அவர் உள்ளங்கையில் ஏதாவது வைக்க வேண்டும். ஹால்வர் வைக்க மாட்டேன் என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று வருஷமாக அதையே சொன்னார். கடைசியில் கசொண்டே, ஹால்வர் அனுமதி இல்லாமல் சிறுத்தை சுட்டதாக மேலே எழுதிப் போட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

ஹால்வரும் சும்மா இருக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் தலைவர் முன்னால் எழுந்து நின்று, கசொண்டேயை நோக்கி நேராக விரலை நீட்டினார்.

"நீ திருடன்! என் ஆளுங்க திருட்டு வேட்டைக்காரங்ககிட்ட புடிச்சு உன் கிடங்குல ஒப்படைச்ச தந்தம் எங்கே?"

சொன்னது உண்மைதான். ஆனால் தலைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஓர் அதிகாரியை விரல் நீட்டிப் பேசுகிறவன் பக்கம் யார் நிற்பார்கள்? விஷயம் தெரிந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "உட்காருப்பா," என்றார் தலைவர். அதோடு கூட்டம் கலைந்தது.

அன்று தலை குனிந்தவர்களில் எசினாத்தியும் ஒருத்தி. அவளுக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியும். போன சனிக்கிழமை கசொண்டே சோதனை என்று சொல்லி முகாமுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய டிரைவர் சோக்கோவுக்குச் சோளக்களி கொண்டுபோனாள் எசினாத்தி. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பிக்கப் வண்டியில் ஒரு கரிமூட்டை சரிந்து, அடியில் நான்கு தந்த நுனிகள் தெரிந்தன. கிடங்கில் போடும் சிவப்பு எண்களும் தெரிந்தன. தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். யோசபாத்திடம் மட்டும் சொன்னாள்.

"வாயத் திறக்காதே தாயே," என்றார் அவர். "சமையல்காரி மூட்டைக்குள்ள எதுக்குப் பார்த்தேன்னு உன்னையே புடிச்சு உள்ள போட்ருவாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை அவரு போயிட்டா?"

"போனா யானையும் கூடவே போயிரும்."

அவள் முழங்காலில் நின்று கேட்டாள். ஆண்டவரே, எனக்குப் பேச ஒரு இடம் காட்டும் என்று கேட்டாள். பதில் வந்தது, ஆனால் அவள் நினைத்தபடி வரவில்லை. புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து முலெங்கா வாத்தியார் காலமாகிவிட்டார்.

வாத்தியார் வடக்கேயிருந்து வந்த பெம்பா இனத்துக்காரர். கசொண்டேக்குத் தாய்மாமன். எசினாத்தியோ ங்கோனி இனம். பெம்பாவும் ங்கோனியும் பாட்டன் பூட்டன் காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள், அதற்குப் பிறகு கேலி முறைக்காரர்கள் ஆனார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முறைக்காரர்கள்தான் குழி வெட்டவேண்டும், அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கவேண்டும், அபராதம் வாங்காமல் பெட்டியை இறக்க விடக்கூடாது. அங்கே பேசின பேச்சை யாரும் போலீசுக்கோ பஞ்சாயத்துக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது. கோபப்படவும் கூடாது. பெம்பாவைக் குரங்குதின்னி என்றும் ங்கோனியை எலிதின்னி என்றும் சீண்டுவது வழக்கம்.

அன்று மத்தியானமே அடக்கம். எசினாத்தி சாவுவீட்டு வாசலிலேயே ஆரம்பித்தாள். "ஐயோ வாத்தியாரே! இனிமே இந்தக் காட்டுக் குரங்குக்கெல்லாம் நிம்மதிதான்! தின்னுறதுக்கு நீங்க இல்லையே!"

அழுதுகொண்டிருந்த வாத்தியாரின் மனைவி பன்ஜிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. கசொண்டேயும் சளைக்கவில்லை. "எலிதின்னி வந்துட்டா. சட்டியெல்லாம் மூடி வைங்கடி!"

மாகாண அலுவலகத்திலிருந்து கசொண்டேயின் மேலதிகாரி நமுக்கோலோ அம்மாள் துக்கம் கேட்க வந்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு தலைவர் பக்கத்தில் நின்றார். வாத்தியாரின் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, எசினாத்தி குழிமேட்டில் ஏறி மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அபராதம் வை மச்சான்."

கசொண்டே சிரித்துக்கொண்டே ஒரு குவாச்சா நோட்டை நீட்டினார்.

"காகிதத்த நான் என்ன பண்ண? நாங்க எலிய மட்டும் தின்னுறவங்க. நீதான் எல்லாத்தையும் தின்னுறவன்."

கூட்டம் சிரித்தது.

"சரி தாயே, ஒரு கோழி தரேன். எறங்கு."

"கோழி வேணாம். போன சனிக்கிழமை என் அடுப்படி வாசல்ல உன் வண்டி நின்னுச்சே, கரிமூட்டைக்கு அடியில நாலு தந்தம் படுத்துக் கெடந்துச்சே, செவப்பு நம்பர் போட்டு? அதுல ஒண்ணே ஒண்ணு குடு. உங்க மாமன் உள்ள எறங்கட்டும்."

எங்கிருந்தோ ஒரு கிழவி கெக்கெக்கே என்று சிரித்தாள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கசொண்டேயும் உதட்டால் சிரித்தார்.

"பாவம், அடுப்புப் புகையில இவளுக்குக் கண்ணே போயிருச்சு. கரிக்கட்டையப் பார்த்துத் தந்தம்ங்கிறா."

சிரித்தவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான், விளையாட்டோடு விளையாட்டாகப் போய்விட்டது என்று எசினாத்தி நினைத்தாள். அப்போது குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குழி வெட்டிய ங்கோனி ஆட்களில் டிரைவர் சோக்கோவும் ஒருவன்.

"அக்கா, உனக்கு எண்ணவும் தெரியல. நாலு இல்ல, ஆறு. தூக்கிப் போட்டவன் நான். இன்னும் இடுப்பு நிமிரல. எனக்கும் சேர்த்து ஒண்ணு கேளு!"

"டேய் சோக்கோ!" கசொண்டேயின் குரல் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது. "நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாதுடா! உன்ன ஜெயில்ல வைக்கிறேன் பாரு!"

அந்த நிமிஷம்தான் அவர் கையிலிருந்த எல்லாம் நழுவியது. சோக்கோ சொன்னதற்கும் சிரித்திருந்தால் தப்பியிருப்பார். முறைக்காரன் கேலிக்குச் சாவுவீட்டில் கோபப்பட்டதை அந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

"கேலிதானேய்யா பண்ணான்," என்றாள் அந்தக் கிழவி. "எங்க சுட்டுச்சு உனக்கு?"

தலைவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "கேலிக்குக் கோபப்பட்டதுக்கு ஒரு ஆடு அபராதம்," என்றார். நமுக்கோலோ அம்மாள் குடையை மடக்கி, குழி விளிம்புக்கே வந்து குனிந்தார்.

"தம்பி, நாளைக்குக் காலையில கிடங்குக்கு வா. உன் வேலைக்கு நான் பொறுப்பு. அந்த ஆறையும் எங்க எறக்கினேன்னு காட்டு."

எசினாத்தி மேட்டை விட்டு இறங்கினாள். "மன்னிச்சுக்குங்க வாத்தியாரே, வெயில்ல காக்க வெச்சுட்டேன்," என்று பெட்டியைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கு உண்மையான அழுகை வந்தது.

வியாழக்கிழமை கிடங்கைத் திறந்தார்கள். சோக்கோ காட்டிய வீட்டில் நான்கு தந்தங்கள் கிடைத்தன, இரண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. கசொண்டேயை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். சிறுத்தை சுட்ட புகாரில் கையெழுத்துப் போட்டதாகக் காட்டியிருந்த சாட்சி, அப்படி ஒரு காகிதத்தையே பார்த்ததில்லை என்றான். ஹால்வர் போகவேண்டியதில்லை என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் தந்தி மாதிரி ஒரு வரி வந்தது. அவர் பெட்டி கட்டி முடித்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அமாய் ஜெரே," என்று ஊர் வழக்கப்படி அம்மா போட்டுக் கூப்பிட்டார் அடுக்களை வாசலில் வந்து நின்று. "மூணு வருஷமா நான் எழுதாத இடமில்லை."

"நீங்க வெரல நீட்டினீங்க ஐயா. நாங்க பல்லக் காட்டிச் சிரிக்கிறவங்க. கெளம்புங்க, வாத்தியார் வீட்ல ஆடு வேகுது."

ஆட்டைக் கசொண்டேயே அனுப்பியிருந்தார். அதைக் கட்டாவிட்டால் வடக்கே அவர் சொந்த ஊரிலும் தலை காட்ட முடியாது. வாத்தியார் வீட்டு முற்றத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹால்வருக்குப் பக்கத்தில் சோக்கோ, அவனுக்குப் பக்கத்தில் யோசபாத் காலை நீட்டிக்கொண்டு. ஜெபம் சொல்ல எசினாத்தியைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியாருக்காக நன்றி சொன்னாள், அவர் புதன்கிழமையே போனதற்காகவும் கொஞ்சம் வெட்கத்தோடு நன்றி சொன்னாள். சோக்கோவின் வாய்க்காக, குடை பிடித்த அம்மாளுக்காக, போகாமல் நின்ற ஹால்வருக்காகச் சொன்னாள். கசொண்டேயின் மனசு திரும்பவேண்டும் என்றும், விசாரணையில் அவரை யாரும் அடித்துவிடக்கூடாது என்றும் கேட்டாள். இன்னும் சொல்ல நிறைய இருந்தது.

"ஆமென் சொல்லுடி எலிதின்னி," என்றாள் பன்ஜி. "கறி ஆறுது."